மீனைக் கூட்டுவது வேறு, பெருக்குவது வேறு: மலையக நீர்த்தேக்கங்களில் கிளைக்கட்டு இறக்கலாமா?

பெப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும்போது இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரை நாளுக்கு நாள் கீழே இறங்கும். தண்ணீர் விட்டுப்போன கோடுகள் செம்மண் சரிவில் படிக்கட்டுபோல் தெரியும். மழைக்காலம் முழுக்க மூழ்கிக் கிடந்த அடிக்கட்டைகளும் கல்லடுக்குகளும் பழைய பாதைகளும் வெளியே வரும். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில் தலைகாட்டும். தூண்டில்காரர்களுக்கு இந்த மாதங்கள் பாடம் படிக்கும் காலம். போன வருடம் மீன் விடாமல் கடித்த இடத்தில் அடியில் என்ன இருந்தது என்று அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும்.

இதற்கிடையில் கைத்தொலைபேசியில் வேறொரு காட்சி சுற்றுகிறது. அமெரிக்க ஏரி ஒன்றில் படகிலிருந்து நத்தார் மரங்களைக் கல் கட்டி இறக்குகிறார்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் கை நீளத்துக்குப் பாஸ் மீன் பிடிக்கிறார்கள். இதைப் பார்த்த நம் இளைஞர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி வருகிறது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மிலாறு, அதாவது தேயிலைக் குச்சிகள், மலைமலையாகக் கிடக்கிறதே, அதைக் கிளைக்கட்டாகக் கட்டி இறக்கினால் இங்கேயும் மீன் பெருகாதா?

மீன் கூடும், அதாவது ஓரிடத்தில் வந்து சேரும். எண்ணிக்கையில் பெருகுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் முழுவதும் இருக்கிறது.

முதலில் சொற்கள்

ஹோட்டல் பட்டியலில் 'சீ பாஸ்' என்று வருவது பெரும்பாலும் நம் கொடுவா. அமெரிக்கத் தூண்டில்காரர்கள் 'பாஸ்' என்று சொல்வது வட அமெரிக்க நன்னீர் மீனை. குறிப்பாகப் பெருவாய் பாஸை. பச்சை உடல், பக்கத்தில் கறுப்புப் பட்டை, கண்ணுக்குப் பின்னால் வரை கிழியும் வாய். இதுவரை தூண்டிலில் பிடிபட்டவற்றில் மிகப் பெரியது சுமார் 10 கிலோ. 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட அந்தச் சாதனையை 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட ஒரு மீன் சமன் செய்தது. பிவா ஏரி இந்த மீனின் சொந்த ஊர் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருவோம்.

அடுத்தது, அவர்கள் பிரித்துப் பேசும் இரண்டு விஷயங்கள். ஏரியின் அடித்தரை எப்படிக் கிடக்கிறது என்பது ஒன்று: மேடு, பள்ளம், பழைய ஆற்றுத்தடம், திடீரென்று சரியும் விளிம்பு. இதை அடிநில அமைப்பு என்று சொல்லலாம். அந்தத் தரைமேல் என்ன இருக்கிறது என்பது மற்றது: அடிமரம், கிளை, பாறைக் குவியல், செடி. இது மறைவு. மனிதர் இறக்கும் நத்தார் மரம் மறைவு மட்டும்தான். தட்டையான சேற்றுத்தரையின் நடுவில் ஒரு மரத்தைப் போடுவதும், ஆற்றுத்தடத்தின் விளிம்பில் அதே மரத்தைப் போடுவதும் ஒன்றல்ல. மீன் விளிம்பு வழியாகத்தான் நடமாடும். அந்த வழியில் கிடக்கும் மறைவில்தான் தங்கும்.

மீன் ஏன் மறைவைத் தேடுகிறது

1. சாப்பாடு. தண்ணீரில் மூழ்கிய எந்தக் கிளையிலும் சில வாரங்களில் வழுவழுப்பான ஒரு படலம் படரும். பாசியும் பக்டீரியாவும் நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம் அது. அதைத் தின்னப் பூச்சிப் புழுக்கள் வரும், அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும், சிறு மீனைத் தின்னப் பெரியது வரும். ஒரு பருத்த கட்டையைவிட நூறு மெல்லிய குச்சிகளுக்கு மேற்பரப்பு அதிகம். ஆகவே படலமும் அதிகம். ஆனால் பாசி வளர வெளிச்சம் வேண்டும் என்பதால் இந்தச் சங்கிலி ஆழத்தில் மெலிந்துபோகும்.

2. ஒளிவிடம். குஞ்சுக்கு உயிர் தப்ப இடுக்கு வேண்டும். பாஸ் மாதிரி பதுங்கிப் பாயும் மீனுக்கு இரை பிடிக்க மறைவு வேண்டும். இடுக்கு மிகவும் நெருக்கமாக இருந்தால் பெரிய மீன் உள்ளே நுழைய முடியாது, மிகவும் அகலமாக இருந்தால் குஞ்சு தப்பாது. அதனால்தான் நெருக்கமும் இடைவெளியும் கலந்த குவியலைப் போடுகிறார்கள்.

3. நிழல். நிழலுக்குள் இருக்கும் மீனுக்கு வெளிச்சத்தில் வருவது நன்றாகத் தெரியும். வெளிச்சத்தில் இருப்பதற்கு நிழலுக்குள் இருப்பது தெரியாது.

அமெரிக்கர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்

அங்குள்ள பெரிய நீர்த்தேக்கங்கள் பல 1930களிலிருந்து 1970கள் வரை கட்டப்பட்டவை. பள்ளத்தாக்குகளில் தண்ணீர் ஏறியபோது காடு மூழ்கியது. முதல் சில ஆண்டுகள் அந்த மூழ்கிய மரங்களே மீனுக்கு ஊராக இருந்தன. பிறகு அவை உளுத்து உதிர்ந்தன, சேறு மூடியது, அடித்தரை வெறுமையானது. தண்ணீர் இருக்கிறது, மீன் ஒதுங்க இடம் இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் மாநில மீன்வளத் துறைகளும் தூண்டில் சங்கங்களும் இறங்கின. மிசூரியில் 1958இல் அணை கட்டி முடிக்கப்பட்ட டேபிள் ராக் ஏரியில் 2007இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக் குவியல்களும் பாறைக் குவியல்களும் இறக்கப்பட்டன.

பாஸின் குடும்ப வாழ்க்கையும் இதற்குப் பொருந்துகிறது. வசந்தத்தில் தண்ணீர் 16 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில், ஒரு கட்டையின் அல்லது கல்லின் பக்கமாக, வாலால் தரையைத் துடைத்துக் கூடு செய்யும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். ஆண்தான் முட்டையையும் பொரித்த குஞ்சையும் காவல் காக்கும். கூட்டுக்கு ஒரு பக்கம் மறைவு இருந்தால் காவலுக்குப் பாதி வேலை குறையும். ஆகவே பாஸுக்கு மறைவு சாப்பாட்டு மேசையாகவும் பிரசவ அறையாகவும் இருக்கிறது.

அங்கேயும் விவாதம் ஓயவில்லை. குவியல் போட்ட இடத்தில் பத்து மீன் பிடிபட்டால், அந்தப் பத்தும் புதிதாகப் பிறந்தவையா? அல்லது ஏரியின் மூலைமுடுக்கில் சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் சேர்ந்தவையா? குஞ்சு ஒளிய இடமில்லாததுதான் அந்த ஏரியின் உண்மையான குறை என்றால், மறைவு மீனைப் பெருக்கும். குறை வேறு எதிலாவது இருந்தால் கூட்டத்தான் செய்யும். கூடிய மீனைப் பிடிப்பது எளிது. எளிதாகப் பிடிபடுவதால் ஏரியில் மீன் முன்பைவிடக் குறையவும் வாய்ப்பு இருக்கிறது.

நம் தண்ணீரில் இருப்பவை எவை

இந்தக் கேள்வியை நம் மீன்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திலாப்பியா. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது, இன்று நாட்டின் நன்னீர் மீன்பிடிக்கு முதுகெலும்பு. ஆண் திலாப்பியா ஆழமற்ற மணல் அல்லது சேற்றுத்தரையில் வட்டமாகக் குழி தோண்டும். பெண் அங்கே முட்டையிட்டு உடனே வாய்க்குள் அள்ளிக்கொள்ளும், குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கும் வரை வாயிலேயே வைத்திருக்கும். இதற்குக் கிளை தேவையில்லை. மெல்லச் சரியும் வெறுந்தரைதான் வேண்டும். அந்தத் தரையை மிலாறு போட்டு நிரப்பினால் உதவி உபத்திரவமாகிவிடும். ஆனால் தாயின் வாயை விட்டு வெளியேறிய குஞ்சுகளுக்கு அருகில் ஒளிய இடம் இருந்தால் நல்லது, படலத்தைத் திலாப்பியா விரும்பியும் தின்னும். இன்னொன்று, தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் இந்த மீன் இனம் பெருக்குவது அரிது. நுவரெலியாக் குளிரில் எத்தனை கிளை இறக்கினாலும் அந்தத் தடையை மாற்ற முடியாது.

ரோகு, கட்லா. நீர்த்தேக்கங்களில் குஞ்சாக விடப்படும் இந்தியக் கெண்டை வகைகள். இவை பெருக்கெடுத்து ஓடும் ஆற்று நீரில் முட்டையிடும் மீன்கள். தேங்கிய நீரில் வளரும், ஆனால் இனம் பெருக்காது. எத்தனை விடப்பட்டனவோ அதற்கு மேல் ஒன்றுகூட வராது. கிளைக்கட்டால் இவற்றின் எண்ணிக்கை பெருகும் என்பது வெறும் நம்பிக்கை. ஒரு பயன் மட்டும் உண்டு: பங்களாதேஷில் குளங்களில் மூங்கில் நட்டுச் செய்த ஆய்வுகளில், அதில் படர்ந்த படலத்தை மேய்ந்த ரோகு நன்றாக வளர்ந்தது.

சாதாரண கெண்டை. கிளைக்கட்டு உண்மையிலேயே இனப்பெருக்கத்துக்கு உதவுவது இதற்குத்தான். இதன் முட்டை பிசின்போல் ஒட்டும். நீரில் மூழ்கிய செடி, வேர், நார் என எதிலாவது ஒட்டினால்தான் பிழைக்கும், சேற்றில் விழுந்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இந்தோனேசியாவில் பனை வகை மரத்தின் நாரைப் பாய்போல் கட்டி மிதக்கவிட்டு, கெண்டை முட்டையிட்டதும் தூக்கிப் பொரிப்புக் குளத்துக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்டு.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மீனின் பெயரைச் சொல்லாமல் 'கட்டுப் போட்டால் மீன் பெருகும்' என்று சொல்வதில் பொருளில்லை என்பது தெரியும்.

கிளை வைத்து மீன் சேர்க்கும் அறிவு நமக்கு அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. நீர்கொழும்புக் களப்பில் மீனவர்கள் சதுப்புநிலத் தாவரக் கிளைகளை ஆழமற்ற நீரில் வட்டமாக ஊன்றி, சில வாரங்கள் விட்டு, பிறகு சுற்றி வலை கட்டிக் கிளைகளைப் பிடுங்கி மீன் எடுப்பார்கள். சிங்களத்தில் அதை 'மஸ் அத்து' என்கிறார்கள். அந்தக் கிளைகளுக்காகவே மரங்களை நட்டு வளர்த்தவர்கள் அவர்கள். ஆனால் களப்பின் நீர்மட்டம் மலை நீர்த்தேக்கம்போல் ஏறி இறங்குவதில்லை. நம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மின்சாரத்துக்காகக் கட்டிய ஏரி

காசல்ரீயும் மவுசாகலையும் 1960களில் நீர்மின்சாரத்துக்காக எழுந்தவை. கெஹெல்கமு ஓயாவைத் தடுத்துக் காசல்ரீ, மஸ்கெலிய ஓயாவைத் தடுத்து மவுசாகலை. தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலிருந்து நிரப்பும். வறண்ட மாதங்களில் மின்சாரம் எடுக்க எடுக்க மட்டம் பல மீட்டர் இறங்கும். மேல் கொத்மலை வேறு மாதிரி. அது சின்னத் தேக்கம், ஒரே நாளிலேயே மட்டம் ஏறி இறங்கும்.

மரத்தை உளுக்கவைப்பது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் நீருக்கடியில் கிடக்கும் மரத்துக்குக் காற்று கிடைக்காது, அதனால் அது பல பத்தாண்டுகள் தாங்கும். எப்போதும் காய்ந்திருக்கும் மரத்துக்கு ஈரம் கிடைக்காது, அதுவும் தாங்கும். பாதி வருடம் நனைந்து பாதி வருடம் வெளியே கிடக்கும் மரத்துக்கு இரண்டும் கிடைக்கும். மிலாறு மாதிரி மெல்லிய குச்சி அந்த நிலையில் விரைவில் நொறுங்கிப்போகும். ஆக, மழைக்காலத்தில் படகில் போய்க் கரையோரமாக இறக்கும் கட்டு அடுத்த மார்ச்சில் தரையில் காய்ந்து கிடக்கும், லயத்துப் பிள்ளைகள் விறகுக்குத் தூக்கிப் போவார்கள். அதில் தப்பும் இல்லை. மிலாறு முதலில் அடுப்புக்கு உரியது.

அப்படியென்றால் வறண்ட காலத்திலும் நீர் நிற்கும் ஆழத்தில் இறக்கலாமே? அங்கே அடுத்த தடை வருகிறது, ஒட்சிசன். வெயிலில் மேல்நீர் சூடாகி இலேசாகும், குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்கும், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். வெப்பநாட்டு ஏரியில் மேலும் கீழும் ஓரிரு பாகைதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. 4 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையே நீரின் அடர்த்தி மாறுவதைவிட, 24க்கும் 25க்கும் இடையே ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாக மாறுகிறது. சின்ன வித்தியாசமே அடுக்கைப் பிடித்து நிறுத்தப் போதும். அடியில் இலைதழை மக்கும்போது அங்குள்ள ஒட்சிசன் தீரும். லீட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் அந்த ஆழத்தை விட்டு விலகிவிடும். பச்சை இலையோடு கிளைக்கட்டை இறக்கினால் இந்தக் குறையை நாமே கூட்டுகிறோம்.

மூன்றாவது, மண். தேயிலை மலையிலும் மரக்கறித் தோட்டத்திலும் கழுவிவரும் மண் ஓயா வழியாக வந்து தேக்கத்தில் படிகிறது. ஓயா நுழையும் வாயில்தான் மீன் நிறையக் கூடும். கட்டு மிக விரைவில் புதைவதும் அங்கேதான். மண்ணோடு உரமும் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நச்சு நீலப்பச்சைப் பாசி பொங்கியது பதிவாகியிருக்கிறது. மீன் குறைவதற்கு இதுதான் காரணமாக உள்ள இடத்தில் கிளைக்கட்டு எதையும் தீர்க்காது. மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான் அங்கே மீனுக்குச் செய்யும் வேலை. நேரம் செலவிட ஆள் இருந்தால் அந்த வேலைக்கே முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து.

செய்வதென்றால் எப்படி

1. எந்த மீனுக்கு, எதற்காக என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். கெண்டை முட்டையிடவா, குஞ்சு ஒளியவா, பெரிய மீன் கூடவா? முதல் இரண்டுக்கும் இடம் கரையோரம், ஆனால் மட்டம் இறங்கும் வேகம் தெரிந்திருக்க வேண்டும். முட்டை ஒட்டிய நார் வெயிலில் காய்ந்தால் அத்தனையும் போயிற்று. இதற்குக் கயிற்றில் கட்டி மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைக்கட்டு, தரையில் கிடக்கும் கிளைக்கட்டைவிடப் பொருத்தம்.

2. ஆழம். 20 சென்றிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு மடங்கு அல்லது சற்று அதிகம் வரைதான் பாசி வளரும் வெளிச்சம் இருக்கும். தட்டு ஒன்றரை மீட்டரில் மறைந்தால் மூன்று, நான்கு மீட்டருக்குக் கீழே போடும் கட்டில் சாப்பாட்டுச் சங்கிலி தொடங்காது. வறண்ட காலத்தின் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழேயும், ஒட்சிசன் தீரும் ஆழத்துக்கு மேலேயும் ஒரு பட்டை இருக்கிறது. சில இடங்களில் அது மிகக் குறுகியது.

3. பொருள். மூங்கில், காய்ந்த பருத்த கிளை, கல். நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் கற்குவியலை மிஞ்ச எதுவுமில்லை, அது உளுக்காது. இலை முழுக்க உதிர்ந்த பிறகே கிளையை இறக்க வேண்டும். மருந்தடித்த மலையிலிருந்து வெட்டிய மிலாறு வேண்டாம். டயர் கூடவே கூடாது. 1970களில் புளோரிடாக் கரையோரக் கடலில் மீனுக்கு வீடு என்று ஏறத்தாழ 20 இலட்சம் டயர்களைக் கொட்டினார்கள். கட்டு அறுந்து அவை உருண்டு பக்கத்துப் பவளப்பாறைகளை நொறுக்கின. இத்தனை ஆண்டுகள் கழித்தும் சுழியோடிகளை வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் உளுக்காது என்று அமெரிக்காவில் பலர் அதை விரும்புகிறார்கள். அந்த உளுக்காத தன்மையே அதை வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம்.

4. வலை. கட்டில் சிக்கி அறுந்த நைலோன் வலை அங்கேயே தொங்கி மாதக்கணக்கில் மீனைக் கொல்லும். கட்டு எங்கே இருக்கிறது என்று அங்கே வலை வீசும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரகசியமாகப் போடும் கட்டு எல்லோருக்கும் நட்டம்.

5. அனுமதி. இவை யாரும் கேட்பாரற்ற குளங்கள் அல்ல. காசல்ரீ, மவுசாகலை நீர்மின்சாரத்துக்காகக் கட்டியவை. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல மகாவலி அதிகாரசபையின் கீழ் வந்தவை. மிதந்துபோகும் கிளை மின்நிலையத்துக்கு நீர் போகும் வாயிலை அடைக்கும். காசல்ரீயில் கடல்விமானமும் இறங்கியிருக்கிறது. மீன் சம்பந்தப்பட்ட அனுமதிக்கும் ஆலோசனைக்கும் நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையிடம் போக வேண்டும். தனி ஆளாகப் போவதைவிட மீனவர் சங்கமாகப் போனால் பேச்சு எடுபடும்.

பாஸையே கொண்டுவந்தால் என்ன?

காணொளி பார்த்தவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி இது. பதில் வேண்டாம் என்பதுதான், தயக்கமே தேவையில்லை. ஜப்பான் 1925இல் ஹக்கோனே மலையிலுள்ள ஆஷி ஏரியில் பாஸை விட்டது. 1970களில் அது பிவா ஏரிக்கும் வந்துசேர்ந்தது. அங்கே தூண்டில்காரருக்குச் சாதனை மீன் கிடைத்தது, வலைக்காரருக்குப் பாரம்பரியச் சிறு மீன்கள் குறைந்தன. 2005இல் வந்த சட்டத்தின் கீழ் ஜப்பான் பாஸை வளர்ப்பதையும் உயிரோடு கொண்டுசெல்வதையும் தடைசெய்தது.

குவாத்தமாலாவின் அத்தித்லான் ஏரியில் சுற்றுலாவுக்காக 1950களின் இறுதியில் பாஸ் விடப்பட்டது. ஏரியின் சிறு மீன்களையும் நண்டுகளையும் அது தின்றது. அவற்றை நம்பி அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த 'போக்' என்ற முக்குளிப்பான் பறவை இன்று உலகில் இல்லை. நாணல் அழிந்ததும் 1976 நிலநடுக்கத்துக்குப் பின் நீர்மட்டம் தாழ்ந்ததும் அதன் முடிவுக்குக் காரணங்கள்தான்; ஆனால் முதல் அடி பாஸிடமிருந்து விழுந்தது.

நம் தண்ணீரிலுள்ள திலாப்பியாவும் கெண்டையும் ஹோர்ட்டன் சமவெளியின் ட்ரவுட்டும்கூட வெளியிலிருந்து வந்தவைதான். உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் பாஸின் பெயரோடு அவற்றின் பெயரும் இருக்கிறது. ஏற்கெனவே அவ்வளவு பாரம் சுமக்கும் நீர் இது. இத்தீவின் சொந்த நன்னீர் மீன்களில் பாதிக்கும் மேல் வேறெங்கும் இல்லாதவை. மலை ஓடைகளில் விரல் நீளத்துக்கு மேல் வளராத மீன்கள் அவற்றில் பல, பாஸின் வாய்க்கு ஒரு கவளம்கூட ஆகாதவை.

வறண்ட காலத்தில் செய்யக்கூடியது

கட்டு இறக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. செலவில்லாதது, அனுமதி வாங்கிச் செய்யும் எந்தத் திட்டத்துக்கும் அடித்தளமாவது. மார்ச், ஏப்ரலில் மட்டம் இறங்கியிருக்கும்போது கரையோரமாக நடந்து பாருங்கள், ஈரச் சேற்றில் மட்டும் கால் வைக்காதீர்கள், அது இடுப்பு வரை இழுக்கும். எங்கே அடிக்கட்டை, எங்கே பாறை, பழைய பாதையின் கல்வரிசை எங்கே திரும்புகிறது, எந்த மணல் திட்டில் திலாப்பியாக் குழிகள் வட்டவட்டமாகக் காய்ந்து கிடக்கின்றன என்று கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். இடக்குறிப்பையும் திகதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதிவையுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்தில் நின்று எடுங்கள். எந்தக் கட்டை உளுத்தது, எது தாங்கியது, மண் எவ்வளவு ஏறியது என்பது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். மே மாத மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். தண்ணீர் ஏற ஆரம்பித்தால் அடுத்த மார்ச் வரை எதையும் பார்க்க முடியாது.